பழைய ரயில் சுரங்கத்தைச் சீரமைக்கும்போது மேலே வசிப்பவர்களிடம் ஏன் பேச வேண்டும்?

வேலை நடப்பது நிலத்துக்கு அடியில்தான், ஆனால் சத்தம், அதிர்வு, தூசி, ராத்திரி லாரி எல்லாம் மேலே வந்துவிடுமே.

நியூயார்க்கில் ஆற்றுக்கு அடியில் போகும் கனார்சி ரயில் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1924-ல் திறந்தது. 2012-ல் சாண்டி புயலின்போது உப்புநீர் புகுந்து கேபிள்களும் கான்கிரீட்டும் கெட்டுப்போயின. 2016-ல் ரயில் நிர்வாகத்தார் கூட்டம் போட்டு, முழுக்க மூடி 18 மாதத்தில் முடிக்கவா, ஒரு தடத்தில் மட்டும் ரயில் ஓட்டிக்கொண்டு 3 வருடம் வேலை பார்க்கவா என்று மக்களிடமே கேட்டார்கள், பலர் முழுக்க மூடுவதையே விரும்பினார்கள். அப்புறம் 2019 ஜனவரியில், மூடுவதற்குச் சில மாதங்களே இருந்தபோது, முழு மூடல் கிடையாது, இரவிலும் வார இறுதியிலும் மட்டும் வேலை என்று திட்டத்தையே மாற்றிவிட்டார்கள். வேலை 2020 ஏப்ரலில் முடிந்தது, சரி, ஆனால் அத்தனை கூட்டங்களுக்கு வந்து உட்கார்ந்தவர்களிடம் கலந்து பேசாமல் திடீரென்று அறிவித்தது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

பொதுவாக "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று பலகை வைப்பதில் பயனில்லை. எந்தெந்த இரவு, எத்தனை மணி வரை, கான்கிரீட் உடைக்கும்போது வரும், நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா தூசியை யார் அளக்கிறார்கள், ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டால் யார் போனை எடுப்பார்கள், இதைத்தான் சொல்ல வேண்டும்.