எல்லையோரக் குடும்ப வன்முறை வழக்கு: எந்தக் கோர்ட், முதல் நாள் என்ன?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் இளம் வழக்கறிஞர் எழுதுகிறார். "சித்தூர் கோர்ட்டில் இரண்டு வருடமாக ஜூனியராக இருக்கிறேன். தமிழ் பேசும் பெண் வக்கீல் என்பதால், கணவர் வீட்டில் அடிபட்ட பெண்கள் என்னைத் தேடி வருகிறார்கள். பலருக்குப் பிறந்த வீடு பொள்ளாச்சிப் பக்கம், கட்டிக் கொடுத்தது இங்கே. சிலருக்கு நேர்மாறு. மனுவை எங்கே போடுவது? முதல் நாளில் எதைக் கவனிப்பது? என் சீனியர் சிவில் கேஸ் மட்டும் பார்ப்பவர்."

பதில்: சட்டப் புத்தகத்தைத் திறக்கும் முன்னால் வந்திருப்பவரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். "இப்ப முதல்ல உங்களுக்கு என்னங்க்கா வேணும்?" அடி நின்றால் போதும் என்பார் ஒருவர். பிள்ளையின் ஸ்கூல் பாதியில் நிற்கக்கூடாது என்பார் இன்னொருவர். அந்த வீட்டை விட்டு இறங்கவே மாட்டேன் என்பவரும் வருவார், போட்டுக்கொண்டு போன நகை மட்டும் திரும்பி வந்தால் போதும் என்பவரும் வருவார். எந்தக் கோர்ட், எந்த நிவாரணம், போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பதெல்லாம் அந்தப் பதிலிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 27-ஆம் பிரிவில் தாராளமாக இடம் தருகிறது. பாதிக்கப்பட்ட பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் இடம், வேலை பார்க்கும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம், சம்பவம் நடந்த இடம் என்று எந்த எல்லைக்குள் வரும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் நிவாரணம் கேட்கும் 12-ஆம் பிரிவு மனு போடலாம். கணவர் வீடு வண்ணாமடையிலும் அம்மா வீடு பொள்ளாச்சியிலும் இருந்தால் சித்தூரிலும் போடலாம், பொள்ளாச்சியிலும் போடலாம். எங்கே வாங்கிய உத்தரவும் இந்தியா முழுக்கச் செல்லும்.

இருந்தாலும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் உண்டு. கணவர் வீட்டிலேயே இருக்க வேண்டும், அல்லது பூட்டிய வீட்டுக்குள் திரும்ப நுழைய வேண்டும் என்றால், அந்த வீடு இருக்கும் எல்லையிலேயே மனு போடுங்கள். 19(7)-இன்படி உத்தரவை நிறைவேற்ற உதவும்படி மாஜிஸ்திரேட் சொல்வது, மனு போட்ட எல்லைக்குள் உள்ள போலீஸ் ஸ்டேஷன் அதிகாரியிடம்தான். பொள்ளாச்சியில் உத்தரவு வாங்கிக்கொண்டு வண்ணாமடை வீட்டு வாசலில் கேரள போலீசைத் தேடி நிற்கும் நிலை வரக்கூடாது. ஜீவனாம்சமும், கணவர் கிட்ட நெருங்காமல் இருக்கத் தடையும் போதும் என்றால் அம்மா வீட்டுப் பக்கமே நல்லது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கைக்குழந்தையோடு பஸ் ஏறி, கணவர் ஊர் ஸ்டாப்பில் இறங்கி நடக்க வேண்டிய கட்டாயம் இருக்காது. அந்த நடைக்குப் பயந்தே வழக்கை விட்டுவிடுகிற பெண்கள் உண்டு. கேரளத்தில் என்ரோல் செய்திருந்தாலும் வழக்கறிஞர் சட்டம் 30-ஆம் பிரிவின்படி பொள்ளாச்சியில் ஆஜராகலாம். அங்கே ஒரு வக்கீலையும் வக்காலத்தில் சேர்த்துக்கொண்டால் வாய்தா தவறாது.

செல்போன் விஷயத்தில் கவனம் வேண்டும். எந்த நம்பரில், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று முதல் நாளே கேட்டு, ஃபைல் அட்டையின் உள்பக்கம் எழுதிவையுங்கள். "நாளைக்கு கோர்ட்" என்று நீங்கள் அனுப்பும் வாட்ஸாப் செய்தியைக் கணவர் படித்துவிட்டால், அன்று இரவு அடி வாங்கப்போவது அந்தப் பெண்தான். தங்கியிருக்கும் இடம் கணவருக்குத் தெரியாது என்றால் மனுவில் அந்த விலாசத்தை எழுதிவிடாதீர்கள். உங்கள் ஆபீஸ் வழியாகத் தகவல் அனுப்ப கோர்ட்டின் அனுமதி கேளுங்கள்.

அடுத்தது மனு. பெரும்பாலான வழக்குகள் கெட்டுப்போவது இங்கேதான். குமாஸ்தாவின் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய மனுவில் பெயரை மட்டும் மாற்றி, "எதிர்மனுதாரர் மது அருந்திவிட்டு வந்து மனுதாரரை உடல் ரீதியாகவும் மன ரீதியாகவும் துன்புறுத்தி வந்தார்" என்று போட்டால், குறுக்கு விசாரணையில் அந்தப் பெண்ணால் ஒரு சம்பவத்தைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று சம்பவம் போதும், ஆனால் ஒவ்வொன்றும் முழுசாக இருக்க வேண்டும். இப்படி எழுதுங்கள்: "பெரிய பையனுக்கு அரைப் பரீட்சை நடந்த வாரம், வெள்ளிக்கிழமை இரவு சுமார் 9 மணிக்கு, அடுப்படியில் வைத்து, தோசைத் திருப்பியால் இடது முழங்கையில் அடித்தார். பக்கத்து வீட்டு அக்கா வந்து விலக்கினார். மறுநாள் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டேன்." தேதி நினைவில் இல்லாதவருக்குப் பண்டிகை, பரீட்சை, குழந்தையின் காய்ச்சல், ஊர்த் தேர் எல்லாம் நன்றாக நினைவிருக்கும். அதைப் பிடித்துக் காலண்டரில் தேடினால் தேதி கிடைத்துவிடும். காயத்தைப் பதிவு செய்யும் ஆஸ்பத்திரிச் சீட்டு தமிழ்நாட்டில் ஏ.ஆர். காப்பி, கேரளத்தில் வூண்ட் சர்டிபிகேட். அதில் "கீழே விழுந்தார்" என்று எழுதியிருந்தால் மறைக்காதீர்கள். பக்கத்தில் கணவர் நின்றுகொண்டிருந்ததால் அப்படிச் சொன்னேன் என்பதை மனுவிலேயே விளக்கிவிடுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு ஆபத்து மொழி. அவர் தமிழில் சொல்வார், எழுதுபவர் மலையாளத்தில் எழுதுவார். "வீட்டுக்காரர் நகையை அடகு வெச்சுட்டார்" என்று அவர் சொன்னால் கணவர் என்று பொருள். மலையாளக் காதில் அது "வீட்டுகார்", அதாவது வீட்டு ஆட்கள். அவளுடைய சொந்த வீட்டாரே நகையை அடகு வைத்ததாகப் பதிவாகிவிடும். "தள்ளினார்" என்பது "தல்லி" என்று காதில் விழுந்தால், பிடித்துத் தள்ளியது மலையாளத்தில் அடித்ததாகிவிடும். பிறகு கூண்டில் நின்று "தள்ளித்தான் விட்டார்" என்று உண்மையைச் சொல்பவர் பொய் சொல்பவராகத் தெரிவார். ஆகவே வாக்குமூலத்தை முதலில் அவர் சொன்ன தமிழிலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி ஃபைலில் வையுங்கள். மலையாளமோ ஆங்கிலமோ, தட்டச்சு செய்த மனுவை வரிவரியாகத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். அப்படிப் படித்துக் காட்டியதைக் கடைசியில் ஒரு குறிப்பாக எழுதிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அரை மணி நேரம் ஆகும். அதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள்.

12-ஆம் பிரிவு மனுவைப் படிவம் 2-இல் போட வேண்டும். அதோடு நின்றுவிட்டால் நோட்டீஸ் போய்க்கொண்டிருக்கும்போதே மாதங்கள் ஓடிவிடும். 23-ஆம் பிரிவில் இடைக்கால மனுவும் படிவம் 3-இல் பிரமாணப் பத்திரமும் அன்றே தாக்கல் செய்து, எதிர்தரப்பு வரும் முன்னரே உத்தரவு ஏன் அவசரம் என்பதை இரண்டே பத்தியில் சொல்லுங்கள். முதல் விசாரணை பொதுவாக மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. 60 நாளில் முடியும் என்று நம்பிக் கட்சிக்காரருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். இடைக்கால உத்தரவுதான் அவரை அந்த நாட்களில் தாங்கிப் பிடிக்கும். ஜீவனாம்சம் கேட்டால் 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரமும் வேண்டும். குடும்ப நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்கு இருந்தால் இதில் மறைக்கக் கூடாது.

"வீடு மாமியார் பேரில் இருக்கு, உனக்கு உரிமை இல்லை" என்று சொல்லித்தான் பலரை வெளியே தள்ளுகிறார்கள். உறவினர் பேரில் இருந்தாலும், இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீடு, அவர் தங்கும் உரிமை கேட்கக்கூடிய பகிர்ந்த குடும்ப வீடாகலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ரேஷன் கார்டு, கேஸ் சிலிண்டர் புக், குழந்தையின் ஸ்கூல் விலாசம் எல்லாம் அங்கே வாழ்ந்ததற்குச் சாட்சி. பழைய சம்பவம், ஒரு வருடம் தாண்டிவிட்டது என்ற ஆட்சேபமும் 12-ஆம் பிரிவு மனுவுக்குப் பொருந்தாது. 2022 ஏப்ரலில் அதையும் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

இந்தச் சட்டத்தின்படி அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் எழுதும் குடும்பச் சம்பவ அறிக்கை, அதாவது டி.ஐ.ஆர்., இருந்தால் நல்லது. அது வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அறிக்கை இல்லாமலும் உத்தரவு போடலாம் என்று 2022 மே மாதத் தீர்ப்பு இருக்கிறது. அந்த நகலைக் கையில் வைத்திருங்கள், டி.ஐ.ஆர். இல்லை என்று கோர்ட்டில் மனுவைத் திருப்பித் தரும்போது தேவைப்படும்.

எதிர்மனுதாரர்களாக யாரைச் சேர்ப்பது? கோபத்தில் நாத்தனார், நாத்தனார் வீட்டுக்காரர், துபாயில் இருக்கும் கொழுந்தன் வரைக்கும் பெயர் சொல்வார்கள். அவர்களிடமிருந்து எந்த நிவாரணமும் கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒருவருக்கு நோட்டீஸ் சேராவிட்டாலும் வழக்கு அந்த இடத்திலேயே நின்றுவிடும். எல்லை தாண்டிப் போகும் நோட்டீசுக்கு வீட்டு விலாசத்தோடு, கணவர் மில்லில் வேலை பார்த்தால் அந்த மில்லின் விலாசத்தையும் கொடுங்கள். வேலை இடத்திலும் நோட்டீசைச் சேர்ப்பிக்க விதிகளில் இடம் உண்டு.

போலீஸ் புகார் கொடுப்பதா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. கணவரோ அவர் உறவினரோ செய்யும் கொடுமைக்கான பாரதிய நியாய சம்ஹிதை 85-ஆம் பிரிவில் புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. அடைக்கலம் புகுந்த ஊரிலும் அந்த வழக்கு நடத்தலாம் என்று 2019-லேயே தீர்ப்பு உண்டு. ஆனால் புகார் கொடுத்ததும் கைது நடக்கும் என்று சொல்லி அனுப்பாதீர்கள். பெரும்பாலும் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பார்கள். அந்த இடைவெளியில் அவர் எங்கே தங்குவார் என்பதை நீங்கள் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181, அவசர எண் 112 இரண்டும் அவருக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

உங்கள் பீஸ் பற்றியும் சொல்ல வேண்டும். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுக்கா சட்டப் பணிக் குழுவில் பேனல் வக்கீலாகச் சேர்ந்தால் (வழக்கமாக மூன்று வருட அனுபவம் கேட்பார்கள்), நீங்களே அந்த வழக்கை நடத்தலாம், அவருக்கும் கையிலிருந்து செலவாகாது. உதவி எண் 15100.

உத்தரவு கிடைத்த பிறகு இரண்டு வேலை. 24-ஆம் பிரிவின்படி இலவச நகல் கட்சிக்காரருக்கும் ஸ்டேஷனுக்கும் போக வேண்டும். போயிற்றா என்று நேரில் பாருங்கள், எல்லைக்கு அந்தப் பக்க ஸ்டேஷனிலும் ஒரு நகல் கொடுத்து ரசீது வாங்குங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் 31-ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அதுவும் ஜாமீனில் விடமுடியாத குற்றம். ஜீவனாம்சப் பாக்கிக்கு அந்தப் பிரிவைத் தூக்காதீர்கள், கோர்ட் பெரும்பாலும் ஏற்காது. கணவரின் மில் முதலாளி அவர் சம்பளத்திலிருந்து நேராகக் கட்டும்படி 20(6)-இல் கேளுங்கள்.

கடைசியாக, நடுவில் சமாதானமாகி அந்தப் பெண் கணவர் வீட்டுக்கே திரும்பிப் போவார். ஒரு முறை அல்ல, பல முறைகூடப் போவார். அப்போது கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்துகொண்ட வக்கீலிடம் அடுத்த அடிக்குப் பிறகு அவர் வர மாட்டார். பாதுகாப்பு உத்தரவு, அவரே ரத்து கேட்டு மனு போடும்வரை 25-ஆம் பிரிவின்படி உயிரோடு இருக்கும். ஆகவே அவசரப்பட்டு ரத்து மனுவில் கையெழுத்து வாங்காதீர்கள். சான்றிட்ட நகல் ஒன்று அவர் அம்மா வீட்டுப் பீரோவில் இருக்கட்டும், இன்னொன்றை உங்கள் ஃபைலில் வைத்து, ஃபைலை மூடாமல் வைத்திருங்கள்.