எட்டு மணிக்கு மேல் ரிசப்ஷனில் ஆள் இருக்க மாட்டார்கள்

ஜெர்மனியில் டவ்பர் நதிக்கு மேலே, குன்றின் மீது மதில் சூழ இருக்கும் ரோத்தன்பர்க் பழைய நகரில், பதினோரு அறைகள் கொண்ட ஒரு குடும்ப ஹோட்டலில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். படுக்கை விரித்தது, காபி ஊற்றியது, சாவி கொடுத்தது எல்லாம் நான்தான். அந்த மாதிரி இடங்களில் தங்குவது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

சரவணன், ஈரோடு: மாலை 5 மணிக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறோம். ஹோட்டலுக்கு வர இரவு 10 ஆகிவிடும். பிரச்சினை இல்லையே?

சொல்லாமல் வந்தால் பிரச்சினைதான். எட்டு மணிக்கு மேல் ரிசப்ஷனில் ஆள் இருக்க மாட்டார்கள், பல இடங்களில் ஆறுக்கே பூட்டிவிடுவார்கள். காலை உணவுக்கு ரொட்டி வாங்கிவந்து மேசை போடுவதும் அவர்களேதான், சீக்கிரம் படுக்காமல் என்ன செய்வார்கள்? முன்கூட்டியே ஃபோன் போட்டுச் சொன்னால் வாசலில் உள்ள எண் பூட்டுப் பெட்டியில் சாவியை வைத்துவிட்டு எண்ணை அனுப்பிவிடுவார்கள். அவ்வளவு சுலபம்.

ஒரு நவம்பர் இரவு, தகவலே சொல்லாமல் பதினொன்றரைக்கு ஒரு குடும்பம் வந்து அழைப்பு மணியை அழுத்திக்கொண்டே நின்றது. முதலாளியம்மா நைட்டிக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் சாவியை நீட்டினார். மறுநாள் காலை அந்த மேசைக்கு மட்டும் காபி தாமதமாகப் போனது. கொண்டுபோனது நான்தான், தாமதம் என்னுடையது அல்ல.

ரயில் என்றால் வூர்ட்ஸ்பர்க் வந்து, ஸ்டைனாக்கில் இறங்கிக் குட்டி ரயிலுக்கு மாற வேண்டும். ரோத்தன்பர்க் என்று கிட்டத்தட்ட இதே உச்சரிப்பில் வேறு ஊர்களும் உண்டு. டிக்கெட்டில் 'டவ்பர்' இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சி, மதுரை: அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. லிஃப்ட் இருக்குமா?

நல்ல கேள்வி. பெரும்பாலும் இருக்காது. மரச்சட்டம் கோத்துக் கட்டிய பழைய வீடுகள் இவை, பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். முதலாளி நினைத்தால்கூட நடுவில் துளை போட்டு லிஃப்ட் வைத்துவிட முடியாது. படிகள் செங்குத்தாக இருக்கும், பலகை கிரீச்சிடும், திருப்பத்தில் உத்தரம் தலையில் இடிக்கும். எங்கள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உத்தரத்தில் ஒரு குட்டித் தலையணையை ஆணியடித்து வைத்திருந்தார்கள். அதிலும் இடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

ஒரு சூட்சுமம் சொல்கிறேன். 1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளில் ரோத்தன்பர்க்கின் கிழக்குப் பகுதி எரிந்துபோனது. இப்போது அங்கே இருப்பதில் பெரும்பகுதி போருக்குப் பிறகு பழைய சாயலில் திரும்பக் கட்டியது. மதிலில் நடந்தால், அதைச் சரிசெய்யப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்லில் பார்க்கலாம், ஜப்பானியப் பெயர்கள் நிறைய. அந்தப் பக்கத்து ஹோட்டல்களில் அகலமான படி, சில இடங்களில் லிஃப்ட்கூட, கிடைக்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் தரைத்தள அறை கேட்டு வாங்குங்கள். சாமானையும் குறையுங்கள். தெரு முழுக்கக் கல் பாவியது, பெட்டிச் சக்கரம் படும் பாடு ஊருக்கே கேட்கும். அப்புறம், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பிரவீன், சென்னை: விசாவுக்கு ஹோட்டல் புக்கிங் ரத்து செய்யக்கூடியதாக இருந்தால் போதுமா?

அது என் துறை இல்லை. தூதரக இணையதளத்தைப் பாருங்கள்.

நந்தினி, கோவை: டபுள் ரூம் கேட்டோம். கட்டிலில் இரண்டு தனித்தனிப் போர்வை வைத்திருந்தார்கள். தப்பாக நினைத்துக்கொண்டார்களா?

இல்லைம்மா. ஜெர்மனியில் தம்பதிக்கும் ஆளுக்கொரு போர்வைதான். ராத்திரி இழுபறி இல்லை.

கார்த்திக், பெங்களூரு: போன வருடம் ஒரு பழைய நகரில் தங்கினோம். பக்கத்துத் தேவாலயத்தில் இரவு முழுக்கக் கால் மணிக்கொருமுறை மணி. தூக்கமே இல்லை. ஹோட்டல்காரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கலாமா?

கேட்டிருக்கலாம், கிடைத்திருக்காது. கோபுரம் ஹோட்டலுக்குச் சொந்தமில்லை. கால் மணிக்கு ஒன்று, அரைக்கு இரண்டு, முக்காலுக்கு மூன்று, முழு மணிக்கு நான்கு, அதன்பின் மணியின் எண்ணிக்கை. கணக்குப் போட்டால் நாளைக்கு 396 அடி. நள்ளிரவில் மட்டும் பதினாறு. எனக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

தர்ஷினி, ஸ்டுட்கார்ட்: அண்ணை, பழகோணும் எண்டு சொல்லுறது நியாயமில்லை. இரவில மணியை நிப்பாட்டச் சொல்லி இஞ்ச சனம் கோட்டுக்கே போகுது.

போகிறார்கள், உண்மைதான் தங்கச்சி. ஆனால் நீதிமன்றங்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கின்றன. வழிபாட்டுக்கு அடிக்கும் மணிக்கு மதச் சுதந்திரத்தின் பாதுகாப்பு உண்டு. நேரம் சொல்ல அடிப்பது வெறும் சத்தம், அதற்கு இரவு நேர ஒலி வரம்பு பொருந்தும். அதனால்தான் சில ஊர்களில் இரவில் நேர மணியை நிறுத்திவிட்டார்கள், சில ஊர்களில் ஊர்க்காரர்களே 'எங்களுக்கு வேண்டும்' என்று வைத்துக்கொண்டார்கள்.

கார்த்திக்: வழக்கெல்லாம் உள்ளூர்க்காரருக்கு. காசு கொடுத்த விருந்தாளிக்கு?

தம்பி, மார்கழியில் உங்கள் ஊரில் நாலரை மணிக்கு ஒலிபெருக்கி போடும்போது எந்த லாட்ஜ்காரர் பணத்தைத் திருப்பித் தருகிறார்?

மீனாட்சி: அது வருடத்தில் ஒரு மாதம்தானே! இது தினமும்.

சரி, இதில் தோற்றுவிட்டேன். கோபுரத்துக்கு எதிர்ப்பக்கம், உள்முற்றம் பார்த்த அறை கேளுங்கள், 'அமைதியான அறை' என்றாலே புரிந்துகொள்வார்கள். ஆனால் ஏசி இருக்காது. ஜூலையில் ஜன்னலைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் மணி. எங்கள் முதலாளியம்மா ஒவ்வொரு கட்டிலருகிலும் காதடைப்பான் இரண்டு வைப்பார், கிண்ணத்தில் சாக்லேட்டோடு சேர்த்து. ஒருவர் சாக்லேட் என்று நினைத்து வாயில் போட்டுவிட்டார்.

தர்ஷினி: நான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்ல.

ஒத்துக்கொள்ள வேண்டாம், அமைதியான அறை மட்டும் கேளுங்கள்.

வெங்கட், திருச்சி: நாங்கள் சுத்த சைவம். சாப்பாடு?

காலையில் கவலை இல்லை: ரொட்டி, பாலாடைக்கட்டி, ஜாம், பழம். இரவில்தான் கவனம். உருளைக்கிழங்கு சூப்பிலும் வறுவலிலும் பன்றிக்கொழுப்புத் துண்டு கிடக்கும். 'ஓன ஷ்பெக்' என்று சொல்லுங்கள், அது இல்லாமல் என்று அர்த்தம். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் 'கேஸ ஷ்பெட்ஸ்ல' கேட்கலாம், சீஸ் போட்ட மாவுருண்டை, மாவில் முட்டை இருக்கும். 'ஹோட்டல் கார்னி' என்று பலகை இருந்தால் காலை உணவு மட்டும்தான், இரவுச் சாப்பாட்டை வெளியே பார்க்க வேண்டும். உணவகம் இருந்தாலும் வாரத்தில் ஒருநாள் விடுமுறை. ஊரில் விற்கும் 'ஷ்னேபால்' பந்து, சோமாசி மேல்மாவைக் கீற்றாக்கிப் பொரித்துச் சர்க்கரை தூவியது மாதிரி, ஆனால் அந்த மாவிலும் முட்டை உண்டு. நான்கு பேருக்கு ஒன்று போதும்.

ஜெயந்தி, சேலம்: பாஸ்போர்ட் கேட்கிறார்களே, ஜெர்மன்காரர்களிடம் கேட்பதில்லையே?

தங்குபவர் விவரம் எழுதிக் கையெழுத்திடும் பதிவுப் படிவத்துக்காகக் கேட்கிறார்கள். 2025 ஜனவரி 1 முதல் ஜெர்மன்காரர்களுக்கு அந்தப் படிவம் கிடையாது, வெளிநாட்டவருக்கு உண்டு. சட்டம் அப்படி, அவமானம் இல்லை.

ரமேஷ், தூத்துக்குடி: கார்டு வாங்குவார்களா?

சில இடங்களில் உள்ளூர் டெபிட் கார்டோ ரொக்கமோ மட்டும்தான். முன்னாலேயே கேளுங்கள்.

அருண், நாகர்கோவில்: ரயில் தாமதமானால் இரவு 9 ஆகிவிடும். ரிசப்ஷன் திறந்திருக்குமா?

முதல் பதில்.

கவிதா, வேலூர்: காரில் வருகிறோம், 10 மணி ஆகும்...

கவிதா, தலைப்பைப் படியுங்கள். கார் விஷயம் வேறு: மதிலுக்கு வெளியே பி1 முதல் பி5 வரை நிறுத்துமிடங்கள். சாமான் இறக்க உள்ளே வரலாமா என்பதை ஹோட்டலில் கேளுங்கள். கேட்க ஃபோன் போடும்போதே வரும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.