ராணுவம் போன பிறகு: வாசகர் கேள்விகள்

எங்கள் ஊர் ராணுவத் தளம் மூடுவதாக அறிவிப்பு வந்துவிட்டது. உயிரினக் கணக்கெடுப்பு எப்போது தொடங்கலாம்?

நேற்றே தொடங்கியிருக்க வேண்டும். நிலத்தைக் கூறுபோட்டு ஆளுக்கொரு துண்டாகக் கொடுப்பதற்குள் முடியுங்கள். ஒரு பருவம் மட்டும் பார்த்துவிட்டுப் பட்டியல் எழுதாதீர்கள். அமெரிக்காவில் டென்வர் பக்கத்து ராக்கி மவுன்டன் ஆர்சனல் என்ற பழைய ராணுவ ஆயுத ஆலை வளாகத்தில் 1986 குளிர்காலத்தில்தான் வெண்தலைக் கழுகுகள் வந்து அடைவது தெரிந்தது. கோடையில் மட்டும் போயிருந்தால் கோட்டைவிட்டிருப்பார்கள்.

எங்கள் தளத்தில் என்னென்ன மிருகம் இருக்கும்? அவசரம்.

எந்த ஊர், எத்தனை ஏக்கர், காடா கடற்கரையா, ஒன்றுமே எழுதவில்லை. ஜோசியம் எனக்குத் தெரியாது.

பழைய பங்கர்களை (ஆயுதம் வைத்திருந்த கான்கிரீட் அறைகளை) இடித்துவிடலாமா?

முதலில் உள்ளே வௌவால் இருக்கிறதா பாருங்கள். மெய்ன் மாநிலத்தில், பழைய லோரிங் விமானப்படைத் தளத்தின் பங்கர்களையே வௌவால்கள் குளிர்காலம் கழிக்கும் இடமாக மாற்றியிருக்கிறார்கள்.

வேலி போட்டு அப்படியே விட்டுவிட்டால் இயற்கை பார்த்துக்கொள்ளாதா?

மாதம் தவறாமல் யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். பார்த்துக்கொள்ளாது! கலிஃபோர்னியாவின் அலமேடா கடற்படை விமானத் தளம் 1997-இல் மூடியது. அங்கே கலிஃபோர்னியா குட்டி ஆலாக்கள் என்ற கடற்பறவைகள் கூடு வைப்பது விமானம் ஓடிய தார்த்தரையில். தரை மொட்டையாக இருப்பதால்தான் அவை அங்கே வருகின்றன. விமானம் ஓடும் வரை அதை மொட்டையாக வைத்திருந்தது கடற்படை, இப்போது ஏப்ரலில் பறவை வருவதற்குள் தன்னார்வலர்கள் குனிந்து களை பிடுங்குகிறார்கள், குஞ்சு ஒதுங்க ஓடு கவிழ்த்து வைக்கிறார்கள், பூனையும் பருந்தும் வராமல் காவல் வேறு. ஒரு வருஷம் சும்மா விட்டால் புல் முளைத்துவிடும், பறவை வேறு இடம் தேடிப் போய்விடும். ராணுவம் குண்டு சோதித்த இடம், இப்போது வனவிலங்குக் காப்பகமான இந்தியானா மாநிலத்து பிக் ஓக்ஸிலும் இதே கதைதான்: குண்டு சோதனையில் பற்றிய தீதான் அந்தப் புல்வெளியை மரம் முளைத்து மூடாமல் வைத்திருந்தது, இப்போது காப்பகத்தார் திட்டமிட்டு எரிக்கிறார்கள். திட்டத்தில் ‘பாதுகாக்கப்படும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுக் களை பிடுங்க ஆளும் பணமும் ஒதுக்காதவர்களை என்ன சொல்வது? ராணுவம் இதுவரை என்ன வேலை செய்தது, இனி அதை யார் செய்வது, இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத காகிதத்தை எனக்கு அனுப்பாதீர்கள்.

கலிஃபோர்னியாவில் மூடிய ராணுவத் தளமான ஃபோர்ட் ஆர்டில் புதரை எரித்தார்களே, கொடுமையில்லையா?

அடர்ந்த புதருக்குள் வெடிக்காத குண்டைத் தேட முடியாது. தவிர, அந்தப் புதர்க்காட்டில் பல விதைகள் தீ பட்டால்தான் முளைக்கும். புகைதான் தொல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

பிக் ஓக்ஸில் பறவை படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்கலாமா?

கூடாது. பாதுகாப்புக் காணொளியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளேயே விடுவார்கள். எதற்கென்று நினைத்தீர்கள்? குண்டு இன்னும் மண்ணுக்குள்தான் கிடக்கிறது.