நடுப்பகலில் எடுத்த தும்பிப் படங்கள் ஏன் தெளிவாக வருவதில்லை?

கோடையில் எடுத்த தும்பிப் படங்கள் வெளிறி, மங்கலாக இருக்கின்றன, கேமராவை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும்.

உச்சி வெயிலில் இறக்கை மேல் பளீரென்று வெளிச்சம், அடியில் கருநிழல். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க, ஒளியைப் பதிவு செய்யும் கேமரா சென்சார் திணறும். அப்புறம், தரையிலிருந்து எழும் சூடான காற்று ஒளியை வளைக்கும். தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி லென்ஸில் தொலைவிலிருந்து எடுக்கும்போது படம் கலங்க இதுவும் ஒரு காரணம். எவ்வளவு விலையுள்ள லென்ஸும் அதைச் சரிசெய்யாது. அருகில் போவதுதான் வழி.

விடிந்ததும் போய்ப் பாருங்கள். தும்பி உடல் சூட்டுக்கு வெயிலை நம்பியிருக்கும் பூச்சி. காலைக் குளிரில் புல்நுனியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், சில நாள் உடம்பெல்லாம் பனித்துளியோடு. அந்தக் காட்சிக்காகவே தூக்கத்தை விடலாம்! தும்பியின் பக்கவாட்டுக்கு இணையாகக் கேமராவைப் பிடித்து, லென்ஸின் ஒளித்துளை அளவை (அபெர்ச்சர்) எஃப் 8 அல்லது 11-இல் வைத்து எடுத்தால் தலை முதல் வால் வரை தெளிவாக விழும்.

சரி, பகலில்தான் போக முடியும் என்றால், தும்பி உட்கார்ந்த குச்சியருகே காத்திருங்கள். பல வகைத் தும்பிகள் அதே குச்சிக்குத் திரும்பி வரும். சில, சூடு தாங்காமல் வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கி நிற்கும். வெயில் படும் பரப்பைக் குறைக்கத்தான் அப்படி. அந்தப் படத்துக்கு நடுப்பகல்தான் நேரம்.