பச்சை அறிக்கை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டனில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஒரு வங்கியின் பழைய கணக்கு மென்பொருளை மாற்றும் திட்டத்துக்கு என்னைத் தலைமை ஏற்கச் சொல்லியிருக்கிறார்கள். நிரல் எழுதியே வளர்ந்தவன் நான். மூத்த வங்கியாளர்கள் முன் பேசத் தயக்கமாக இருக்கிறது. திட்ட நிலவரத்தை நிறத்தால் சொல்வது எங்கள் வழக்கம்: சிவப்பு ஆபத்து, மஞ்சள் எச்சரிக்கை, பச்சை எல்லாம் சரி. என் குழு சிவப்பு என்று தரும் நிலவரம் மேலே போகப் போக மஞ்சளாகி, திட்டத்தை மேற்பார்வையிடும் மூத்தவர்களின் ஸ்டீரிங் கமிட்டியில் பச்சையாகிவிடுகிறது. வெளியாளான நான் எவ்வளவு பேசலாம்?

கே., லண்டன்

அன்புள்ள கே.,

முழுமையாகப் பேசலாம், பேச வேண்டும். உங்களை அமர்த்தியதே அதற்காகத்தான்.

நீங்கள் இருக்கும் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2018 ஏப்ரலில் டிஎஸ்பி வங்கி, லாயிட்ஸ் குழுமத்தின் கணினிகளில் இருந்த 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை, அப்போதைய தாய் நிறுவனமான ஸ்பெயினின் சபாடெல் வங்கியின் தளத்துக்கு ஒரே வார இறுதியில் மாற்றியது. தரவு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. தளம்தான் தாங்கவில்லை. லட்சக்கணக்கானோர் தங்கள் பணத்தைப் பார்க்கக்கூட முடியாமல் தவித்தார்கள். நிலைமை முழுவதும் சீராக டிசம்பர் ஆனது. புதிய தளம் இரண்டு தரவு மையங்களில் ஓடவேண்டியது. சுமை தாங்குமா என்ற சோதனை ஒன்றில் மட்டுமே நடந்திருந்தது என்பது பிறகு விசாரணையில் வெளிவந்தது. அந்த ஒரு மையத்தின் முடிவை வைத்து யாரோ பச்சை போட்டிருக்க வேண்டும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

2022இல் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம். அதைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது மறுவருடம் வந்த ஒழுங்குமுறை அமைப்பின் முடிவு: அன்றைய தகவல் தொழில்நுட்பத் தலைவருக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம். தளத்தை நடத்தவிருந்த நிறுவனம் உண்மையில் தயாரா என்பதற்குப் போதிய உறுதியை அவர் பெறவில்லை என்பதே குற்றச்சாட்டு. 2016 முதல் பிரிட்டிஷ் வங்கிகளில் மூத்த அதிகாரிகளின் பொறுப்பு பெயர் சொல்லி எழுதிவைக்கப்படுகிறது. ஒப்பந்தம் முடிந்ததும் நீங்கள் அடுத்த திட்டத்துக்குப் போய்விடுவீர்கள். உங்கள் வங்கியில் அப்படிப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரி போக முடியாது. ஆகவே கமிட்டி கூடுவதற்கு முன்பே அவரைத் தனியாகச் சந்தித்துச் சிவப்பைச் சிவப்பென்று சொல்லிவிடுங்கள். சபையில் வைத்துத் திடுக்கிட வைக்காதீர்கள்.

அவரிடம் அபிப்பிராயத்தைக் கொண்டுபோகாதீர்கள், ஒத்திகையின் முடிவைக் கொண்டுபோங்கள். முப்பது மணி நேரம் ஒதுக்கிய தரவு மாற்றம் நாற்பதைத் தாண்டியது, இத்தனை கணக்குகளில் இருப்புத் தொகை ஒத்துப்போகவில்லை என்று எண்களோடு சொன்னால் எந்த மூத்தவரும் காதுகொடுப்பார். உங்கள் தயக்கத்துக்கும் அதுவே மருந்து. நிரல் எழுதியவருக்கு அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது தெரியும். அந்த அறையில் பலருக்குத் தெரியாது. எத்தனை பெரிய பிழைகள் மீதமிருந்தால் எந்த நிறம் என்பதையும் இப்போதே எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். நிறம் மாற்றும் வேலை பாதி அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்று, பலர் கடைசிவரை தள்ளிப்போடுவது. மாற்றம் நடக்கும் அந்த வார இறுதியில், பழைய அமைப்புக்கே திரும்பிவிடலாம் என்று முடிவெடுக்கக் கடைசி மணி எது, அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? ஞாயிறு பின்னிரவில், தூக்கம் கெட்ட முப்பது பேர் தொலைபேசியில் இருக்கும்போது இதை விவாதிக்க முடியாது. உங்கள் முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே கேளுங்கள், பதிலைக் கூட்டக் குறிப்பில் பெயரோடு பதிவுசெய்யச் சொல்லுங்கள்.