ஓக் படாத ஷாப்லி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஷார்டனே திராட்சையின் வெள்ளை ஒயின் என்றால் வெண்ணெயும் வனிலாவும் மணக்கும் என்று பழகியவன் நான். நண்பர் ஒருவர் ஓக் மரப் பீப்பாயே படாதது என்று, அதே திராட்சையில் செய்த ஷாப்லி ஒயின் ஒன்றைக் கொடுத்தார். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்தேன். எலுமிச்சை பிழிந்த தண்ணீர்தான். தீக்குச்சி உரசிய வாடை வேறு. பாட்டில் கெட்டுவிட்டதா? இதைப் போய் ஏன் கொண்டாடுகிறார்கள்?

எம்., பாரிஸ்

அன்புள்ள எம்.,

கெடவில்லை. எவர்சில்வர் தொட்டியில் காற்றுப் படாமல் இருந்த ஒயினில் சில சமயம் கந்தகச் சேர்மங்கள் தங்கிவிடும், அந்த வாடைதான் அது. கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றிச் சுழற்றுங்கள், பத்து நிமிடத்தில் பெரும்பாலும் போய்விடும். ஈரமான அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது கார்க்கின் கோளாறு. எவ்வளவு சுழற்றினாலும் தீராது, கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் சிக்கல் குளிர். ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் மணம் எழும்பாது, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஷாப்லிக்கு 10 முதல் 12 டிகிரி வேண்டும். அரைமணி நேரம் வெளியே வையுங்கள்.

வெண்ணெயும் வனிலாவும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. வனிலாவும் தேங்காய் மணமும் நெருப்பில் வாட்டிய ஓக் தருபவை. வெண்ணெய் மணம் பாக்டீரியாவின் வேலை. அது கூர்மையான மாலிக் அமிலத்தை மிதமான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது டையசெட்டைல் உண்டாகிறது. ஷாப்லியிலும் இந்த மாற்றம் பெரும்பாலும் நடக்கிறது. ஆனால் ஒயின் ஈஸ்ட் மண்டியோடு கிடக்கும்போது அந்த ஈஸ்டே டையசெட்டைலைக் குறைத்துவிடும். அதனால் புளிப்பு தணிகிறது, வெண்ணெய் மிஞ்சுவதில்லை.

ஷார்டனே தனக்கென்று பெரிய மணமில்லாத திராட்சை. மரத்தை விலக்கினால் விளைந்த இடம் தெரியும். ஷாப்லி என்பது பிரான்ஸின் பர்கண்டி ஒயின் வட்டாரத்தின் வடகோடி. வசந்தத்தில்கூட உறைபனி கொடியைக் கருக்கும் ஊர், பழம் புளிப்பு குறையாமலே பழுக்கும். முதலில் எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் தெரியும். விழுங்கியபின் பத்து எண்ணுங்கள்: நாக்கின் ஓரத்தில் உப்பும் சுண்ணாம்புமாக ஒன்று நிற்கும். ரசிகர்கள் காசு கொடுப்பது அதற்குத்தான். அங்குள்ள கிமெரிட்ஜியன் என்னும் பழங்காலச் சுண்ணாம்பு மண்ணில் சின்னஞ்சிறு சிப்பிப் புதைபடிவங்கள் உண்டு, உண்மை. அவை கரைந்து கோப்பையில் மணக்கின்றன என்பது விற்பவர்களின் கதை.

தனியாகக் குடிக்காதீர்கள். சிப்பி, நண்டு, வெண்ணெயில் வறுத்த மீன், ஆட்டுப்பால் சீஸ் என உப்பும் கொழுப்பும் சேர்ந்தால் அதே புளிப்பு வாயைக் கழுவிவிடும். காரம் மட்டும் ஆகாது, புளிப்பும் ஆல்கஹாலும் எரிச்சலைக் கூட்டும்.

வாங்கும்போது கவனியுங்கள்: கடைசித் தரமான பெத்தி ஷாப்லியும் சாதா ஷாப்லியும் அநேகமாக எவர்சில்வர் தொட்டியில் செய்தவைதான். உச்சத் தரமான கிராண்ட் க்ரூவில் பலர் பீப்பாயும் சேர்ப்பார்கள். அது பழைய பீப்பாயாக இருந்தால் மர மணம் அவ்வளவாக ஏறாது. லேபிளில் 'ஃப்யூ த ஷேன்' என்றிருந்தால் ஓக் பட்டது. விலை குறைவாக வேண்டுமென்றால் லுவார் நதி முகத்துவாரப் பக்கத்து மஸ்கடே என்ற வெள்ளை ஒயின், அதிலும் 'சுர் லி' (ஈஸ்ட் மண்டியோடு வைத்தது) என்று எழுதியதாகப் பாருங்கள்.

மிச்சத்தைக் கார்க் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும். இளசான ஷாப்லி பல சமயம் மறுநாள்தான் நன்றாக இருக்கும்.