டைட்டன்கள்: ஒலிம்பஸுக்கு முந்தைய தலைமுறை, கேள்வி பதில்

கிரேக்கத் தெய்வங்களில், ஒலிம்பஸ் மலையில் வாழும் ஜீயஸ், ஹீரா, போசைடன் எல்லாம் ஓரளவு எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். அவர்களுடைய அப்பா, அம்மா, அத்தை, பெரியப்பா பற்றிக் கேட்டால்தான் குழப்பம் வருகிறது. அதனால் இந்த முறை டைட்டன்கள் என்ற அந்த மூத்த குடும்பத்தைப் பற்றி மட்டும் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தந்திருக்கிறேன். பெரும்பாலும் நான் நம்பிப் பேசுவது ஹெசியட் என்ற கவிஞர் தெய்வங்களின் பிறப்பைப் பாடிய 'தியோகனி'யை. கி.மு. 700 வாக்கில், கிரேக்கத்தின் போயோட்டியா பகுதியில், ஹெலிகான் மலையடிவாரத்தில் வாழ்ந்தவர் அவர். வேறு இடத்திலிருந்து எடுத்ததென்றால் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: டைட்டன்கள் மொத்தம் எத்தனை பேர்? யார் யாருக்குக் கல்யாணம் ஆனது?

பன்னிரண்டு பேர். அம்மா கேயா, அதாவது பூமி. அப்பா யுரேனஸ், வானம். ஆறு ஆண், ஆறு பெண். நான்கு ஜோடிகள் உடன்பிறந்தவர்களுக்குள்ளேயே அமைந்தன. ஓஷியானஸ்–டெதிஸ் ஜோடிக்கு நதிகளெல்லாம் பிள்ளைகள், கூடவே மூவாயிரம் பெண்கள். ஹைப்பீரியன்–தேயாவுக்குச் சூரியன், சந்திரன், விடியல் மூவரும் பிறந்தார்கள். கோயஸ்–ஃபீபிக்கு லீட்டோ, ஆஸ்டீரியா என்று இரண்டு பெண்கள். இந்த லீட்டோதான் பிறகு அப்போலோவுக்கும் ஆர்ட்டெமிஸுக்கும் தாய். கடைசி ஜோடி குரோனஸ்–ரியா, ஜீயஸின் அப்பா அம்மா.

மிச்சம் நால்வர். கிரியஸ் கடலின் மகளை மணந்தான். ஐயாபெட்டஸ் தன் அண்ணன் ஓஷியானஸின் மகளை மணந்தான்; அட்லஸும் புரொமீத்தியஸும் இவன் பிள்ளைகள். தெமிஸும் நெமோசினும் பின்னாளில் ஜீயஸுக்கு மனைவியானார்கள்.

அதே வயிற்றில் இன்னும் ஆறு பேர் பிறந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒற்றைக் கண் சைக்ளோப்கள் மூன்று பேர். நூறு கையும் ஐம்பது தலையும் கொண்டவர்கள் மூன்று பேர். இவர்கள் டைட்டன்கள் இல்லை, ஆனால் கூடப்பிறந்தவர்கள். கதையின் முடிவு இவர்கள் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: குரோனஸ் பெற்ற அப்பனையே அரிவாளால் வெட்டியது வெறும் பதவி ஆசைதானே அக்கா?

இல்லை தம்பி. அப்படிச் சுருக்கிவிட்டால் கேயா காணாமல் போய்விடுகிறாள். பிறந்த பிள்ளைகளை யுரேனஸ் வெளிச்சம் பார்க்க விடவில்லை. ஒவ்வொன்றையும் பூமிக்குள்ளேயே, அதாவது தாயின் உள்ளேயே, திருப்பித் தள்ளி அடைத்தான். அந்த நெருக்கடி தாங்காமல் அவள் முனகினாள் என்கிறார் ஹெசியட். பெற்றும் பெறாத அந்த வலியில் அவளே அரிவாள் செய்தாள். அவளே திட்டம் போட்டாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உங்கள் அப்பன்தான் முதலில் தகாத காரியம் செய்தவன்" என்று நியாயம் கேட்டாள். எல்லோரும் பயந்து வாய் திறக்காமல் நின்றார்கள். கடைக்குட்டி குரோனஸ் மட்டும் "நான் செய்கிறேன் அம்மா" என்றான். ஒளிந்திருக்க இடம் காட்டியவளும், அரிவாளைக் கையில் கொடுத்தவளும் அவளே.

வெட்டிய இடத்திலிருந்து பூமியில் விழுந்த ரத்தத்தில் பழிவாங்கும் தேவதைகளான எரின்யெஸ் பிறந்தார்கள், ராட்சதர்கள் பிறந்தார்கள். கடலில் விழுந்ததைச் சுற்றித் திரண்ட நுரையிலிருந்து காதல் தெய்வம் அப்ரோடைட்டி வந்தாள். குடும்பக் கணக்குப்படி அவள் ஜீயஸின் மகள் இல்லை, அவன் அப்பாவின் தலைமுறைக்காரி. அவளை ஜீயஸ்–டையோனியின் மகள் என்று சொல்வது இலியட் காவியம் பாடிய ஹோமரின் வழி.

கேள்வி: பிள்ளைகளை விழுங்கியவன் எப்படிக் கல்லுக்கும் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஏமாந்தான்?

இது எப்போதும் வரும் கேள்வி. குரோனஸ் இருந்த அவசரத்தைப் பாருங்கள். "உன் மகனே உன்னை வீழ்த்துவான்" என்று கேயாவும் யுரேனஸும் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் ஹெஸ்டியா, டெமீட்டர், ஹீரா, ஹேடீஸ், போசைடன் என்று பிறந்ததும் பிறந்ததும் விழுங்கினான். ஆறாவது முறை ரியா தன் தாய் தந்தையிடமே யோசனை கேட்டாள். அவர்கள் அவளைக் கிரீட் தீவுக்கு அனுப்பி, பிறந்த ஜீயஸை ஒரு குகையில் மறைத்தார்கள். துணியில் சுற்றிய கல் குரோனஸின் கைக்குப் போனது. அவன் பிரித்துப் பார்க்கவே இல்லை. பயம் கண்ணை மறைத்துவிட்டது.

ஜீயஸ் வளர்ந்த பிறகு குரோனஸ் விழுங்கியதையெல்லாம் கக்க வேண்டி வந்தது. கடைசியாக விழுங்கியது கல்தானே, கக்கும்போது அதுதான் முதலில் வந்தது. ஜீயஸ் அதைக் கிரேக்கத்தின் புனிதத் தலமான டெல்ஃபியில் நட்டு வைத்தான். இந்த விவரம் கதையோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கமெங்கும் பயணம் போய் எழுதிய பாசேனியஸ், டெல்ஃபியில் அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறார். பெரிய கல் இல்லை என்கிறார். தினமும் அதன்மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்களாம். திருவிழா நாட்களில் நூற்காத கம்பளி ரோமத்தை அதன்மேல் வைப்பார்களாம். ஹெசியட் பாடி எண்ணூறு வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கல்லுக்கு எண்ணெய் ஊற்ற ஆள் இருந்திருக்கிறது.

கேள்வி: டைட்டன்களோடு நடந்த பத்து வருஷப் போரில் ஜீயஸ் எப்படி ஜெயித்தான்? இடி மின்னல் இருந்ததாலா?

இடி மின்னல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், பதில் தெரிந்துவிடும். யுரேனஸ் கட்டிப்போட்ட சைக்ளோப்களை ஜீயஸ் விடுவித்தான். அந்த நன்றிக்கு அவர்கள் கொடுத்த பரிசுதான் இடியும் மின்னலும். அதை வைத்துக்கொண்டும் போர் இழுத்துக்கொண்டே போனது. டைட்டன்கள் ஓத்ரிஸ் மலையில், இளையவர்கள் ஒலிம்பஸில், நடுவில் தெசலி சமவெளி. அப்போது மறுபடியும் கேயாதான் வழி சொன்னாள்: நூறு கைக்காரர்களைக் கொண்டு வாருங்கள், வெற்றி உங்களுக்கு.

ஜீயஸ் அவர்களை இருட்டிலிருந்து கொண்டுவந்ததும் உடனே சண்டைக்கு ஏவவில்லை. முதலில் அமிர்தமும், தெய்வங்களின் உணவான அம்ப்ரோசியாவும் கொடுத்துச் சாப்பிட வைத்தான். அதன் பிறகுதான் உதவி கேட்டான். மூவரில் கோட்டஸ் எழுந்து, உன்னால்தான் வெளிச்சத்துக்கு வந்தோம், உனக்காக நிற்போம் என்றான். ஒரே நேரத்தில் முந்நூறு பாறைகள் டைட்டன்கள்மேல் பறந்தன. மூன்று பேர், ஆளுக்கு நூறு கை. கணக்கு சரியாக வருகிறது!

தோற்றவர்கள் போன இடம், பூமிக்கு வெகு கீழே இருக்கும் டார்ட்டரஸ் என்ற சிறை. வெண்கலப் பட்டடைக்கல் ஒன்றை வானத்திலிருந்து போட்டால் ஒன்பது இரவும் பகலும் விழுந்து பத்தாம் நாள் பூமியைத் தொடும். பூமியிலிருந்து டார்ட்டரஸுக்குப் போக இன்னொரு அவ்வளவு. அதைச் சுற்றி வெண்கல மதில், போசைடன் வைத்த வெண்கலக் கதவு.

இன்னொருத்தியையும் சொல்ல வேண்டும். போர் தொடங்குமுன் ஜீயஸ் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டு, "என் பக்கம் வருபவர்களின் பழைய மரியாதை எதுவும் குறையாது, இதுவரை மரியாதை கிடைக்காதவர்களுக்கும் கிடைக்கும்" என்று வாக்குக் கொடுத்தான். முதலில் வந்து நின்றவள் ஓஷியானஸின் மகளான பாதாள நதி ஸ்டைக்ஸ், வெற்றி, வலிமை உள்ளிட்ட தன் பிள்ளைகளோடு. அப்பா சொல்லித்தான் வந்தாள். அன்றிலிருந்து தெய்வங்கள் அவள் நீரின்மேல்தான் சத்தியம் செய்கிறார்கள். பொய்ச் சத்தியம் செய்த தெய்வம் ஒரு வருஷம் மூச்சில்லாமல் கிடக்க வேண்டும். அதன்பின் ஒன்பது வருஷம் சபையிலும் விருந்திலும் இடமில்லை.

கேள்வி: அப்படியானால் எல்லா டைட்டன்களும் சிறையில் இல்லையா?

இல்லவே இல்லை. சினிமாவும் கேமும் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். டைட்டன்கள் என்றால் ஒட்டுமொத்தமாக அசுரக் கூட்டம், ஒலிம்பஸ்காரர்கள் நல்லவர்கள் என்று பிரிப்பது கிரேக்கர்களின் பார்வை கிடையாது. ஓஷியானஸ் உலகத்தைச் சுற்றி ஓடிக்கொண்டேதான் இருக்கிறான். போர் நடந்தபோது ரியா தன் மகள் ஹீராவை ஓஷியானஸ்–டெதிஸ் வீட்டில்தான் விட்டு வளர்த்தாள். இதை இலியட் 14ஆம் காண்டத்தில் ஹீராவே சொல்கிறாள்.

தெமிஸ் ஜீயஸின் இரண்டாவது மனைவி. ஒழுங்கு, நீதி, அமைதி என்ற மூவரும் அவள் மகள்கள். நெமோசின், அதாவது நினைவு, ஒன்பது கலைத்தெய்வங்களின் தாய். ஃபீபியின் பேத்தி ஹெகட்டிக்குப் பூமி, கடல், வானம் மூன்றிலும் இருந்த பங்கில் ஜீயஸ் கை வைக்கவே இல்லை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெர்கமான் பலிபீடம் என்று கி.மு. 2ஆம் நூற்றாண்டுப் பளிங்குச் சிற்பத் தொகுதி ஒன்று பெர்லினில் இருக்கிறது. தெய்வங்களும் ராட்சதர்களும் மோதும் காட்சி அது. அந்தப் போர் டைட்டன் போருக்குப் பிந்தையது, எதிரிகளும் வேறு. யுரேனஸின் ரத்தத்தில் பிறந்த ராட்சதர்கள். அதன் தெற்குப் பக்கத்தில் கிழவி ஃபீபி தீவட்டி ஏந்திச் சண்டை போடுகிறாள், பக்கத்திலேயே மகள் ஆஸ்டீரியா. ஜீயஸின் படையில் டைட்டன் பாட்டி!

கேள்வி: அட்லஸ் தோளில் இருப்பது பூமி உருண்டைதானே?

வானம். உலகத்தின் மேற்கு ஓரத்தில் நின்று வானத்தைத் தாங்குவதுதான் அவனுக்கு ஜீயஸ் கொடுத்த தண்டனை. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஃபார்னீஸ் அட்லஸ் சிலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். உருண்டையில் கண்டங்கள் இருக்காது, நட்சத்திர மண்டலங்கள் செதுக்கியிருக்கும்.

கேள்வி: ஜீயஸை மட்டும் ஏன் எந்த மகனும் கவிழ்க்கவில்லை?

அவனுக்கும் அதே எச்சரிக்கை வந்தது. முதல் மனைவி மீட்டிஸுக்கு முதலில் ஒரு மகளும், பிறகு தெய்வங்களுக்கெல்லாம் ராஜாவாகப்போகும் மகனும் பிறப்பார்கள் என்று சொன்னவர்கள் அதே கேயாவும் யுரேனஸும். குரோனஸ் பிள்ளைகளை விழுங்கினான். ஜீயஸ் கர்ப்பிணியான மீட்டிஸையே விழுங்கினான். மகள் அதீனா அவன் தலையிலிருந்து வந்தாள், மகன் பிறக்கவே இல்லை. இதைச் சாமர்த்தியம் என்று மெச்ச எனக்கு மனம் வரவில்லை. மனைவியின் அறிவு அவன் வயிற்றிலிருந்து அவனுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொண்டே இருக்கிறது, அவளுக்கென்று ஒரு வாழ்க்கை இல்லை. யுரேனஸ், குரோனஸ் இரண்டு பேர் ஆட்சியையும் முடித்து வைத்தது ஒரு தாயும் அவள் ஒளித்து வைத்த மகனும். ஜீயஸ் அந்தத் தாயையே எடுத்துவிட்டான்.

கேள்வி: இந்தக் கதை கிரேக்கர்களுடைய சொந்தச் சரக்கா, வெளியிலிருந்து வந்ததா?

கிழக்கே இதற்கு ஒரு மூத்த உறவு இருக்கிறது. இன்றைய துருக்கியில் ஹட்டுஷா என்ற, பழைய ஹிட்டைட் பேரரசின் தலைநகரைத் தோண்டியபோது களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் ஒரு கதையில் அலாலு வானுலக ராஜா. ஒன்பது வருஷம் கழித்து அனு அவனை விரட்டுகிறான். அனுவைக் குமர்பி விரட்டி, அவன் ஆண்குறியைக் கடித்து விழுங்கிவிட்டுச் சிரிக்கிறான். "சிரிக்காதே, உனக்குள் மூன்று தெய்வங்களை விதைத்துவிட்டேன்" என்கிறான் அனு. அந்த மூவரில் ஒருவன் டெஷுப், புயல் தெய்வம், கடைசி ராஜா. அனு என்றாலே வானம். வானம், அதை வெட்டியவன், வயிற்றுக்குள் பிள்ளைகள், இடிக்கடவுள் என்று வரிசை அப்படியே இருக்கிறது. அந்தப் பலகைகள் ஹெசியட்டுக்கு ஐந்நூறு வருஷமாவது மூத்தவை. ஆனால் அங்கே கேயா மாதிரி அரிவாள் செய்து கொடுக்கும் தாய் இல்லை, ஹெசியட்டின் கதையை அவள்தான் நடத்துகிறாள்.

கேள்வி: டைட்டன்களை யாராவது கும்பிட்டார்களா?

ஒரு சிலரை. ஏதென்ஸில் கோடையில் குரோனியா என்று ஒரு விழா. அன்று எஜமானும் அடிமையும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிள்ளைகளை விழுங்கியவனுக்கு இப்படி ஒரு விழாவா என்று கேட்கத் தோன்றும். அவன் ஆட்சிதான் பொற்காலம், யாரும் பாடுபடாமலே நிலம் விளைந்தது என்று அதே ஹெசியட் இன்னொரு நூலில் பாடுகிறார். ஜீயஸ் டைட்டன்களை விடுதலை செய்துவிட்டான் என்றே கிரேக்கக் கவிஞர் பிண்டார் ஒரு பாடலில் சொல்கிறார்.

எனக்கு நெருக்கமானவள் நெமோசின். போயோட்டியாவில் லெபடேயா என்ற ஊரில் குறி கேட்கப் போகிறவர்கள் முதலில் மறதி நீரையும், பிறகு நினைவு நீரையும் குடிக்க வேண்டும். பாதாள அறையிலிருந்து வெளியே வந்ததும் நினைவின் ஆசனத்தில் உட்கார வைத்து, என்ன பார்த்தாய் என்று கேட்பார்கள். பாசேனியஸ் தானே அதைச் செய்து பார்த்து எழுதியிருக்கிறார்.

தெற்கு இத்தாலியில் ஹிப்போனியன் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் கல்லறையில் மெல்லிய தங்கத் தகடு கிடைத்தது. கி.மு. 400 வாக்கில் எழுதியது. செத்த பிறகு எங்கே போவது என்று அதில் வழி எழுதியிருக்கிறது. வெள்ளை சைப்ரஸ் மரத்தருகே உள்ள ஊற்றுக்குப் போகாதே, தாண்டிப் போனால் நெமோசினின் ஏரியிலிருந்து குளிர்ந்த நீர் வரும். காவலர்கள் கேட்டால், "நான் பூமிக்கும் நட்சத்திர வானத்துக்கும் பிள்ளை, தாகத்தில் வாடுகிறேன்" என்று சொல். பூமிக்கும் வானத்துக்கும் பிள்ளைகள் என்றால் யார்? டைட்டன்கள். சாவின் வாசலில் ஒருவர் ஜீயஸ் வம்சம் என்று சொல்லிக்கொள்ளவில்லை, இந்த மூத்த குடும்பத்தின் உறவைத்தான் சொல்லிக்கொள்கிறார்.

கேள்வி: சனி கிரகத்தின் நிலாக்களுக்கு ஏன் இவர்கள் பெயர்கள்?

சனி ரோமானியர்களுக்கு சாட்டர்ன். சாட்டர்னைக் குரோனஸோடு ஒன்றாகவே பார்த்தார்கள். அதனால் 1847இல் வானியலாளர் ஜான் ஹெர்ஷல், அவன் உறவுக்காரர்களின் பெயரையே நிலாக்களுக்கு வைக்கலாம் என்றார். ரியா, டெதிஸ், ஐயாபெட்டஸ் எல்லாம் அப்படி வந்தவை. பெரிய நிலாவுக்கு டைட்டன் என்றே பெயர்.

கேள்வி: நேரடியாகப் படிக்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

தியோகனியே போதும், ஆயிரம் வரியைச் சற்றே தாண்டும் நூல்தான். உலகத் தோற்றம் 116ஆம் வரியில் தொடங்குகிறது. போர் வேண்டுமென்றால் 617லிருந்து. பெயர்ப் பட்டியல்கள் வரும் இடத்தில் சலிப்புத் தட்டினால் தாண்டிப் போங்கள். முதல் 115 வரிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஹெலிகான் மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தன்னிடம் கலைத்தெய்வங்கள் வந்து பாட்டுக் கொடுத்ததை ஹெசியட் அங்கேதான் சொல்கிறார். வந்தவர்கள் நெமோசினின் மகள்கள்.